மிதக்கும் ரயில்: மேக்லெவ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேக்லெவ் என்று பேச்செடுத்தாலே முதலில் வரும் கேள்வி, "அவ்வளவு கனமான ரயில் எப்படி அந்தரத்தில் மிதக்கிறது?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் மிதக்க வைப்பது எப்போதோ தீர்ந்துபோன கணக்கு. தீராத கணக்கெல்லாம் ரயிலுக்குக் கீழே, தடத்தில் இருக்கிறது. கீழே உள்ள பதில்களில் பாதி அந்தத் தடத்தைப் பற்றியே இருப்பதற்குக் காரணம் அதுதான்.

மேக்லெவ் என்றால் என்ன?

சக்கரத்தில் உருளாமல், காந்த விசையால் தூக்கி நிறுத்தப்பட்டு ஓடும் ரயில். 'மேக்னெட்டிக் லெவிடேஷன்' என்பதன் சுருக்கம். தமிழில் காந்த மிதவை ரயில் என்கிறோம். மேலே தூக்குவது, பக்கவாட்டில் விலகாமல் பிடித்து வைப்பது, முன்னே தள்ளுவது, வேகத்தைக் குறைப்பது என்று நான்கு வேலையையும் காந்தங்களே பார்த்துக்கொள்கின்றன.

சக்கரம் வைத்த ரயிலே 574 கி.மீ. வேகத்தில் ஓடியிருக்கிறதே, அப்புறம் எதற்கு இது?

உண்மைதான். 2007 ஏப்ரல் 3 அன்று பிரான்ஸின் டிஜிவி ரயில் மணிக்கு 574.8 கி.மீ. வேகத்தைத் தொட்டது. ஆனால் அந்த ஒரு நாளுக்காக என்னென்ன செய்தார்கள் என்று பாருங்கள். பெட்டிகளைக் குறைத்தார்கள், பெரிய சக்கரம் மாட்டினார்கள், மேலே போகும் மின்கம்பியை வழக்கத்தைவிட விறைப்பாக இழுத்துக் கட்டினார்கள், 25,000 வோல்ட் மின்னழுத்தத்தை 31,000 ஆக உயர்த்தினார்கள். தினமும் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடும் வேகம் வேறு. உலகம் முழுக்க அது 300 முதல் 350 கி.மீ. வரைதான்.

காரணம் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம். எஃகும் எஃகும் தொட்டுக்கொள்வது ஒரு சின்ன நாணயம் அளவுப் பரப்பில்தான். ரயிலை முன்னே தள்ளும் விசை முழுவதும் அந்த நாணயங்கள் வழியாகத்தான் போக வேண்டும். வேகம் கூடக் கூட காற்றை எதிர்க்க அதிக விசை வேண்டும், ஆனால் பிடிமானமோ குறைந்துகொண்டே போகும்.

இன்னொன்று மேலே இருக்கிறது. ரயிலின் கூரையில் மின்சாரம் எடுப்பதற்காக உள்ள பான்டோகிராஃப் என்ற சட்டம் மின்கம்பியை அழுத்திக்கொண்டே ஓடுகிறது. அந்த அழுத்தத்தால் கம்பியில் ஓர் அலை கிளம்பி முன்னே போகும். ரயில் அந்த அலையின் வேகத்தை நெருங்கிவிட்டால் கம்பி துள்ளும், தொடர்பு விட்டுப்போகும், தீப்பொறி பறக்கும். இவற்றோடு தேய்மானமும் சேரும். சக்கரமும் தண்டவாளமும் வேகத்துக்கு ஏற்பத் தேயும், அடிக்கடி சாணை பிடித்துச் சரிசெய்ய வேண்டும்.

எதையும் தொடாமல் ஓடுவதுதான் மேக்லெவின் கவர்ச்சி. பிடிமானத்தைப் பற்றிய கவலை இல்லாததால் சட்டென்று வேகம் எடுக்கும். ஷாங்காய் ரயில் சுமார் 2 நிமிடத்தில் 350 கி.மீ. வேகத்தை எட்டிவிடும். சக்கர ரயில் திணறும் ஏற்றத்திலும் இது ஏறும்.

ஒரு காந்தத்தை இன்னொரு காந்தத்தின் மேல் காட்டினால் மிதக்கிறதே. இதில் என்ன பெரிய வித்தை?

வளைய வடிவக் காந்தம் இரண்டு கிடைத்தால் ஒரு பென்சிலில் கோத்துப் பாருங்கள். ஒரே துருவங்கள் எதிரெதிராக இருந்தால் மேல் வளையம் அந்தரத்தில் நிற்கும். விரலால் அழுத்தினால் கீழே போய்த் திரும்பித் துள்ளி வரும். சரி, இப்போது பென்சிலை உருவிவிடுங்கள். மேல் வளையம் ஒரு பக்கமாகச் சறுக்கி, கவிழ்ந்து, கீழ் வளையத்தில் 'டப்'பென்று ஒட்டிக்கொள்ளும். எத்தனை முறை செய்தாலும் இதேதான் நடக்கும்.

இது கைப்பிசகு அல்ல. நிலையான காந்தங்களை மட்டும் வைத்து ஒரு பொருளை எல்லாத் திசையிலும் உறுதியாக மிதக்க வைக்க முடியாது என்று 1842-லேயே சாமுவேல் எர்ன்ஷா என்ற ஆங்கிலேயர் கணித வழியில் நிறுவிவிட்டார். ஆக, மேக்லெவ் கட்டுபவர்கள் அந்தப் பென்சிலுக்கு மாற்றாக ஏதாவது கண்டுபிடித்தாக வேண்டும். கண்டுபிடித்த வழிகள் முக்கியமாக இரண்டு. ஒன்று ஜெர்மனியில் வளர்ந்தது, மற்றது ஜப்பானில்.

ஜெர்மன் முறை எப்படி வேலை செய்கிறது?

கேட்டால் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். இதில் காந்தம் ரயிலைக் கீழிருந்து தள்ளுவதில்லை, மேல்நோக்கி இழுக்கிறது. தடம் 'டி' எழுத்து வடிவில் இருக்கும். ரயிலின் இருபுறமும் கைபோல நீண்டு, தடத்தின் விளிம்பைச் சுற்றி வளைந்து அடியில் போய் நிற்கும். அந்தக் கையில் மின்காந்தம் இருக்கிறது, தடத்தின் அடிப்பக்கத்தில் இரும்பு இருக்கிறது. காந்தம் இரும்பை நோக்கி எழும்பும்போது ரயிலும் சேர்ந்து எழும்புகிறது. ஹெர்மன் கெம்பர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1934-ல் காப்புரிமை பெற்ற யோசனை இது. பின்னாளில் ட்ரான்ஸ்ராபிட் என்ற ரயிலாக வளர்ந்தது.

சிக்கல் என்னவென்றால், காந்தம் இரும்பை நெருங்க நெருங்க இழுவை கூடும். அப்படியே விட்டால் போய் ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் விலகினால் விழுந்துவிடும். அதனால் சென்சார்கள் இடைவெளியை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளந்துகொண்டே இருக்கின்றன. நெருங்கினால் மின்னோட்டத்தைக் குறைப்பது, விலகினால் கூட்டுவது. உள்ளங்கையில் குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி விளையாடுவோமே, அதே வேலைதான், என்ன, இங்கே கைக்குப் பதில் கணினி. அந்த இடைவெளி வெறும் 10 மி.மீ. அளவுதான். மணிக்கு 400 கி.மீ. வேகத்தில், ஒரு சுண்டுவிரல் அகலத்துக்குள் இந்த விளையாட்டு நடக்கிறது.

இதில் ஒரு வசதி உண்டு: நிலையத்தில் நிற்கும்போதும் மிதக்க முடியும்.

ஜப்பான்காரர்கள் ஏன் வேறு வழியில் போனார்கள்?

நிலநடுக்கம் வரும் நாட்டில் 10 மி.மீ. இடைவெளியை நம்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. அவர்களுடைய ரயிலுக்கும் தடத்துக்கும் இடையே சுமார் 10 செ.மீ. இருக்கிறது. அவ்வளவு தூரத்துக்கு விசை எட்ட வேண்டுமானால் சாதாரண மின்காந்தம் போதாது, மீகடத்திக் காந்தம், அதாவது மின்தடையே இல்லாத கம்பியால் ஆன காந்தம் வேண்டும்.

இந்த யோசனையின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. புரூக்ஹேவன் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பவல் நியூயார்க்கில் போக்குவரத்து நெரிசலில் சிக்கிக் கிடந்தபோது இது தோன்றியதாம். சக விஞ்ஞானி கார்டன் டான்பியோடு சேர்ந்து 1960-களில் அதை முழு வடிவத்துக்குக் கொண்டுவந்தார். நெரிசலில் நமக்கெல்லாம் தலைவலிதான் தோன்றுகிறது!

வேலை செய்யும் விதம் இப்படி: ரயிலில் நியோபியம்-டைட்டானியம் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. திரவ ஹீலியத்தால் மைனஸ் 269 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்விக்கப்பட்டதும் அந்தக் கம்பியின் மின்தடை காணாமல் போய்விடும். ஒரு முறை மின்னோட்டத்தை ஏற்றிவிட்டால், அது குறையாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். தடத்தின் இருபுறச் சுவர்களிலும் 8 வடிவில் சாதாரணக் கம்பிச் சுருள்கள் பதித்திருக்கிறார்கள். அவை தூக்குவதற்காக எந்த மின்சாரத்தையும் வெளியிலிருந்து வாங்குவதில்லை. ரயிலின் காந்தம் விரைந்து கடக்கும்போது அவற்றில் தானாகவே மின்னோட்டம் தூண்டப்படுகிறது. ரயில் கொஞ்சம் கீழே இறங்கினால் 8-ன் கீழ் வளையம் அதை மேலே தள்ளும், மேல் வளையம் இழுக்கும். கணினியும் வேண்டாம், சென்சாரும் வேண்டாம். பென்சிலுக்கு மாற்று இங்கே ரயிலின் ஓட்டமேதான்.

ஓட்டமே மிதவை தருவதால், நின்றால் மிதவை இல்லை. மணிக்கு சுமார் 150 கி.மீ. வரை இந்த ரயில் ரப்பர் சக்கரத்தில்தான் ஓடுகிறது. அப்புறம் விமானம் மாதிரி சக்கரத்தை மடித்துக்கொண்டு எழும்புகிறது.

குளிர்ச்சிதான் இதன் தீராத தலைவலி. சுருளில் சிறு அதிர்வால் எள்ளளவு வெப்பம் உண்டானாலும் மீகடத்தும் தன்மை அறுந்து, காந்தம் ஒரேயடியாக வலுவிழக்கும். தொடக்ககாலச் சோதனைகளில் இது பெரும் தொல்லையாக இருந்தது. ஓடும் ரயிலில், ஆட்டத்துக்கு நடுவே, அந்தக் கடுங்குளிரைக் காப்பாற்றுவதுதான் பல பத்தாண்டு உழைப்பை விழுங்கியது.

எஞ்சின் எங்கே இருக்கிறது?

தடத்தில்! சாதாரண மோட்டாரை ஒரு பக்கம் வெட்டி, பாயை விரிப்பது போல நீளமாக விரித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் வெளிச்சுருள்கள் தடம் நெடுகப் பரவிக் கிடக்கும், உள்ளே சுழல வேண்டிய காந்தம் ரயிலில் இருக்கும். சுருள்களில் மின்சாரத்தை முறை வைத்து மாற்றினால் ஒரு காந்த அலை தடத்தில் ஓடும். ரயில் அந்த அலையைப் பிடித்துக்கொண்டு போகும். அலையின் வேகத்தைத் தரையில் இருக்கும் கட்டுப்பாட்டு அறையே தீர்மானிக்கிறது.

இதனால் கனமான மோட்டாரை ரயில் சுமக்க வேண்டாம். ரயில் இருக்கும் பகுதிக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தால் போதும். ஒரு பகுதியில் அலை ஒரு திசையில்தான் ஓடும் என்பதால், அங்கே இரண்டு ரயில்கள் எதிரெதிரே வருவது இயல்பிலேயே நடக்காத காரியம். மறுபக்கம், 300 கி.மீ. தடம் என்றால் 300 கி.மீ. நீளத்துக்கு மோட்டார் கட்டுகிறீர்கள். ஒரு நாளில் சில ரயில்களே ஓடினாலும் செலவு குறையாது.

மின்சாரம் போய்விட்டால் ரயில் விழுந்துவிடுமா?

விழாது. ட்ரான்ஸ்ராபிட்டில் மிதவைக்கென்று பேட்டரி இருக்கிறது, மெதுவாகி, சறுக்குக்கட்டைகள் மேல் இறங்கும். ஜப்பானிய ரயிலில் மீகடத்திக் காந்தத்துக்கு வெளி மின்சாரமே தேவையில்லை. ஓட்டம் இருக்கும்வரை மிதவை இருக்கும், வேகம் குறைந்ததும் சக்கரத்தில் இறங்கும்.

500 கி.மீ. வேகத்தில் போகும் ரயிலை எப்படி நிறுத்துவது?

வழக்கமாக மோட்டாரையே ஜெனரேட்டராக மாற்றி. அது கைவிட்டால் ஜப்பானிய ரயிலில் காற்றுத்தடுப்புப் பலகைகள் கூரையில் விரியும், சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கும் உண்டு. ஆனாலும் மணிக்கு 500 கி.மீ. என்றால் நொடிக்கு 139 மீட்டர். நொடிக்கு நொடி 1 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்தால், நிற்பதற்குள் கிட்டத்தட்ட 9.7 கி.மீ. போயிருக்கும். தடத்தில் எதுவும் இருக்கக் கூடாது, எதுவும் ஏற முடியக் கூடாது. உயரத்தில் தூண்மேல் கட்டுவதும் சுரங்கத்தில் புகுத்துவதும் அதற்காகவும்தான்.

உராய்வே இல்லை என்றால் மின்சாரம் மிச்சம்தானே?

இந்த நம்பிக்கையைத்தான் பல இடங்களில் பார்க்கிறேன். இல்லை. தண்டவாள உராய்வு போனாலும் காற்று எங்கும் போகவில்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 300-லிருந்து 500 கி.மீ.க்குப் போனால் எதிர்ப்பு சுமார் 2.8 மடங்கு, அதை வெல்லத் தேவையான திறன் சுமார் 4.6 மடங்கு. அதிவேகத்தில் பெரும்பகுதி மின்சாரம் காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. ஒரே வேகத்தில் ஒப்பிட்டால் மேக்லெவ் சோடை போகாது. ஆனால் அதே வேகத்தில் ஓட்டுவதற்கு யாரும் மேக்லெவ் கட்டுவதில்லையே.

சத்தம் இருக்காது என்கிறார்களே?

மெதுவாகப் போகும்போது சரி. வேகம் எடுத்த பிறகு காற்றே இரைகிறது. சுரங்கத்தில் இன்னும் மோசம். ரயில் நுழையும்போது உள்ளே இருக்கும் காற்று பிஸ்டன் தள்ளியது போல அழுந்தி, அந்த அழுத்த அலை மறுவாயில் வெடிச்சத்தமாக வெளியே வரும். ஜப்பானின் எல்-ஜீரோ ரயிலுக்கு வாத்து அலகு போல 15 மீட்டர் நீள மூக்கு வைத்தது அழகுக்காக அல்ல.

தடத்துக்கு ஏன் இவ்வளவு செலவு?

மோட்டாரே தடத்தில் இருப்பதைச் சொல்லிவிட்டேன். அதற்கு மேலும் மூன்று விஷயம்.

முதலாவது துல்லியம். நொடிக்கு 139 மீட்டர் போகும் ரயிலுக்கு, 10 மீட்டருக்கு ஒரு தடவை வரும் மெல்லிய மேடுபள்ளம் நொடிக்கு 14 குலுக்கலாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத பிசகு உடம்புக்குத் தெரியும். வெயிலில் கான்கிரீட் விரியும், தூண் மெல்ல இறங்கும். ஷாங்காயின் மண் ஆற்று வண்டலால் ஆனது, இளகியது. அங்கே ஆழமாகக் கம்பங்கள் இறக்கி, தூண் இறங்கினாலும் உத்திரத்தைத் திருத்தி வைத்துக்கொள்ளும்படி தாங்கிகள் அமைக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது வளைவு. ஜப்பானின் புதிய தடத்தில் வளைவின் ஆரம் குறைந்தது 8,000 மீட்டர். அப்படியிருந்தும் 500 கி.மீ. வேகத்தில் அந்த வளைவில் புவியீர்ப்பில் கால்பங்கு அளவு பக்கவாட்டு முடுக்கம் வரும். அதைச் சரிக்கட்ட தடத்தையே சாய்த்துக் கட்ட வேண்டும். ஊரைச் சுற்றி, குளத்தைச் சுற்றிப் போகலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. குறுக்கே மலை வந்தால் குடைந்துதான் தீர வேண்டும்.

மூன்றாவது, என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது: இது யாரோடும் சேராது. சாதாரண ரயிலில் பாயின்ட் மாற்றுவது என்றால் மெல்லிய எஃகு நாக்கு ஒன்று சில அங்குலம் நகரும், அவ்வளவுதான். ட்ரான்ஸ்ராபிட்டில் தடம் மாற, பல பத்து மீட்டர் நீள எஃகு உத்திரத்தையே வில் மாதிரி வளைக்க வேண்டும். டிஜிவி புதிய தடத்தில் பறந்துவிட்டு, பழைய தண்டவாளத்தில் ஏறி நகரின் நடுவில் இருக்கும் பழைய நிலையத்துக்குள் வந்து நிற்கும். மேக்லெவால் அது முடியாது. தடம் முடியும் இடத்தில் அதன் உலகம் முடிந்தது.

உள்ளே உட்கார்ந்தால் காந்தப்புலம் உடம்பைப் பாதிக்குமா?

ஜெர்மன் முறையில் புலம் அந்தச் சின்ன இடைவெளிக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடும். மீகடத்தி முறையில் காந்தம் வலிமையானது என்பதால், அதைப் பயணிகள் இருக்கையிலிருந்து தள்ளிப் பெட்டிகளின் இணைப்புப் பகுதியில் வைத்து, காந்தத் தடுப்பும் போட்டிருக்கிறார்கள். நிலையத்தில் ஏறி இறங்கும் இடத்துக்கும் தடுப்பு உண்டு.

ஷாங்காய் ரயில் வெற்றியா, தோல்வியா?

லோங்யாங் சாலை நிலையத்திலிருந்து புதோங் விமான நிலையம் வரை 30 கி.மீ. 2002-ன் கடைசி நாளில் தொடங்கி வைக்கப்பட்ட இது, வேகமாக ஓடும் வணிக மேக்லெவ் என்ற வகையில் இன்றும் உலகில் ஒன்றே ஒன்று. பெட்டியில் வேகத்தைக் காட்டும் பலகை இருக்கிறது. 2021 வரை அதில் 431 வந்ததும் பயணிகள் கைப்பேசியை நீட்டிப் படம் எடுப்பார்கள். எதிர்த்திசை ரயில் கடக்கும்போது 'தம்' என்று ஒரு காற்றடி, ஒரு நொடிக்குள் அது போய்விட்டிருக்கும். படம் எடுத்து முடிப்பதற்குள் பலகையில் எண் இறங்கத் தொடங்கிவிடும்.

தொழில்நுட்பம் என்று பார்த்தால் வெற்றி. 20 வருடத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் லோங்யாங் சாலை நகர மையம் அல்ல, அங்கிருந்து மெட்ரோ பிடிக்க வேண்டும். 2021 முதல் உச்ச வேகத்தை 300 கி.மீ.க்குக் குறைத்துவிட்டார்கள். பயண நேரம் 7 நிமிடம் 20 நொடியிலிருந்து 8 நிமிடம் 10 நொடியானது. 130 கி.மீ. வேகத்தை விட்டுக்கொடுத்து இழந்தது 50 நொடி! குறுகிய தூரத்தில் உச்ச வேகம் வெறும் காட்சிப் பொருள்.

ஜெர்மனி ஏன் கைவிட்டது?

காசுதான். ஹாம்பர்க்-பெர்லின் திட்டம் 2000-ல் ரத்தானது. மியூனிக் நகரத்தை விமான நிலையத்தோடு இணைக்கும் திட்டத்தின் மதிப்பீடு 185 கோடி யூரோவிலிருந்து 340 கோடியாக ஏறியதும் 2008-ல் அதையும் மூடிவிட்டார்கள்.

இடையில் 2006 செப்டம்பர் 22 அன்று எம்ஸ்லாந்து சோதனைத் தடத்தில் ஒரு விபத்து. தடத்தில் நின்றிருந்த பராமரிப்பு வண்டியை அகற்றாமலே ரயிலை அனுப்பிவிட்டார்கள். மோதியதில் 23 பேர் இறந்தார்கள். இரண்டு மேக்லெவ் ரயில்கள் மோதிக்கொள்ள முடியாதபடி அமைத்த தடம்தான் அது. ஆனால் பராமரிப்பு வண்டி அந்தக் காந்த அலையில் ஓடுவதில்லை. அமைப்பின் கண்ணுக்கு வெளியே இருந்த ஒரே வண்டி அது, அதைக் கவனிக்க வேண்டியவர்கள் மனிதர்கள்.

ஜப்பானின் டோக்கியோ-நகோயா ரயில் எப்போது ஓடும்?

சூவோ ஷின்கான்சென் என்பது அதன் பெயர். 286 கி.மீ. தூரத்தை 40 நிமிடத்தில், உச்ச வேகம் 505 கி.மீ. ரயில் தயார். யாமனாஷியில் 42.8 கி.மீ. சோதனைத் தடத்தில் 2015 ஏப்ரல் 21 அன்று 603 கி.மீ. தொட்டது அதுதான். தயாராகாதது தடம். 86 விழுக்காடு சுரங்கம். டோக்கியோ, நகோயா பகுதிகளில் 40 மீட்டருக்கும் கீழே தோண்டுகிறார்கள், நடுவே தெற்கு ஆல்ப்ஸ் மலைத்தொடர்.

மாட்டிக்கொண்டது ஷிசுவோகா மாநிலத்தில். அங்கே வருவது சுமார் 9 கி.மீ. சுரங்கம் மட்டுமே, நிலையம்கூட இல்லை. மலையைக் குடைந்தால் ஓயி ஆற்றின் நீர் வடிந்துவிடும் என்று ஆளுநர் பல வருடம் அனுமதி தரவில்லை. ஆற்றுநீரை நம்பி இருக்கும் ஊர்களுக்கு ரயில் நிற்கவும் செய்யாது, தண்ணீரும் போகும் என்றால் யார்தான் சரி என்பார்கள்? 2027-ல் திறப்பதாக இருந்தது. அது முடியாது என்று 2024-ல் ரயில் நிறுவனமே ஒப்புக்கொண்டது. இப்போது 2030-களின் நடுப்பகுதியைச் சொல்கிறார்கள். செலவு மதிப்பீடு 5.5 லட்சம் கோடி யென்னில் தொடங்கி, 2021-ல் 7 லட்சம் கோடி, 2025-ல் 11 லட்சம் கோடி என்று ஏறிவிட்டது.

வெற்றிடக் குழாய்க்குள் ஓட்டினால் காற்றுத் தொல்லை தீருமே?

தீரும். பதிலுக்கு நூற்றுக்கணக்கான கி.மீ. நீளத்துக்குக் காற்றுப் புகாத குழாயைக் காப்பாற்ற வேண்டும். விலை உயர்ந்த தடத்துக்கு மேல் இன்னொரு விலை உயர்ந்த உறை. ஹைப்பர்லூப் என்ற பெயரில் இந்தப் பேச்சு 2013-ல் சூடு பிடித்தது. 2020-ல் இரண்டு பேரை உட்கார வைத்து மணிக்கு 172 கி.மீ. ஓட்டிக் காட்டிய நிறுவனம் 2023-ன் இறுதியில் கடையைக் கட்டியது.

மெதுவாக ஓடும் மேக்லெவ்கள் உண்டா?

உண்டு. ஜப்பானின் லினிமோ 2005 முதல் ஓடுகிறது, சீனாவில் சாங்ஷாவிலும் பெய்ஜிங்கிலும் இருக்கின்றன. எல்லாம் மணிக்கு 100 கி.மீ. சுற்றுவட்டாரம். அமைதியானவை, தேய்மானம் குறைவு. இவற்றுக்கெல்லாம் மூத்தது இங்கிலாந்தின் பர்மிங்காம் விமான நிலையத்தில் 1984-ல் தொடங்கியது. 600 மீட்டர் தூரம்தான். அதற்கென்றே செய்த உதிரிபாகங்கள் பின்னாளில் கிடைக்காமல் போக, 1995-ல் நிறுத்திவிட்டார்கள். சில வருடம் பேருந்து விட்டுப் பார்த்தார்கள். பிறகு அதே உயரமான தடத்தைப் பயன்படுத்தி 2003-ல் வேறொரு வண்டியைக் கொண்டுவந்தார்கள். கம்பிவடம் இழுக்க, சக்கரத்தில் ஓடும் வண்டி.